ஐந்து தாய்மாருக்கு ஒரே வரி

ஹார்ட்லி பேங்க்,
டர்ஹாம்.
22 ஏப்ரல் 2003

மதிப்பிற்குரிய லெப்டினன்ட் ஜெனரல் சர் மைல்ஸ் டென்ஹோம் அவர்களுக்கு,

லான்ஸ் கார்ப்பரல் காலின் ஹெப்பிளின் அம்மா நோரா எழுதிக்கொள்வது. நான் சுகமாக இருக்கிறேன். முழங்கால் மட்டும் மழைக்கு முன்னால் முணுமுணுக்கும். உங்கள் வீட்டில் எல்லோரும் சௌக்கியம் என்று நம்புகிறேன்.

வழக்கமாக ஜூன் முதல் வாரத்தில் நீங்கள்தான் எழுதுவீர்கள், நான் பதில் போடுவேன். இருபது வருஷமாக அப்படித்தான். இந்த வருஷம் நான் முந்திக்கொண்டேன். அதற்குக் காரணம் இருக்கிறது, வருகிறேன்.

முதலில் வீட்டுச் செய்தி. என் வீட்டுக்காரர் வில்ஃப் போன நவம்பரில் காலமாகிவிட்டார். சுரங்கத் தூசி நுரையீரலில் படிந்து படிந்து, கடைசியில் மூச்சு விடவே இடமில்லாமல் போய்விட்டது. ஐந்து வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்தார். பக்கத்திலேயே இருந்தேன். ஒரு மனிதர் உயிரை விடுவதற்கு எவ்வளவு பாடுபட வேண்டியிருக்கிறது என்று அப்போதுதான் பார்த்தேன். மூச்சு கொஞ்சம் இறங்கும்போதெல்லாம் அவர் ஒன்றையே சொல்வார்: "நம்ம பயலுக்கு இந்தப் பாடு இல்ல நோரா. அந்த மேஜர் எழுதினாரே, ஒரு நொடியில போயிட்டான்னு. அது போதும்." அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் அவர் போனார். அவருடைய பந்தயப் புறாக்களைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன். ஒரு பெட்டை மட்டும் தினமும் பழைய கூட்டுக்கே வந்து உட்கார்ந்துகொள்கிறது.

உங்கள் கடிதங்களையெல்லாம் ஒரு பிஸ்கட் டப்பாவில் அடுக்கி வைத்திருக்கிறேன். முதல் கடிதம் வந்தபோது நீங்கள் மேஜர். சுரங்க வேலைநிறுத்தம் முடிந்த வருஷம், ஜெர்மனியிலிருந்து லெப்டினன்ட் கர்னல் என்று போட்டு எழுதினீர்கள். அந்தக் குளிர்காலம் முழுக்க, நிலக்கரி வெட்டுகிறவன் வீட்டிலேயே அடுப்பெரிக்கக் கரி இல்லாமல் கிடந்தோம். வில்ஃப் உங்கள் அரசாங்கத்தை வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டு, உங்கள் கடிதத்தை மட்டும் பத்திரமாக எடுத்து டப்பாவில் வைத்தார். அப்புறம் பிரிகேடியர், மேஜர் ஜெனரல், இப்போது சர் பட்டம் வேறு. ஒவ்வொரு ஜூனிலும் உறையைப் பிரித்ததும் வில்ஃப் காகிதத்தின் தலைப்பைத்தான் முதலில் பார்ப்பார். "உன் ஆளு மறுபடி ஏறிட்டாரு நோரா. நம்ம பயதான் பாவம், இன்னும் அதே லான்ஸ் கார்ப்பரல்" என்று சிரிப்பார். நானும் சிரிப்பேன். காலினுக்கு இன்றைக்கும் இருபத்தொரு வயதுதான்.

நீங்கள் ஏற ஏற உங்கள் கையெழுத்து குறைந்துகொண்டே வந்தது. முதல் ஐந்து கடிதம் முழுக்க உங்கள் கையால் எழுதியவை. அதற்கப்புறம் நடுவில் எல்லாம் தட்டச்சு. மேலே 'அன்புள்ள திருமதி ஹெப்பிள்' என்பதும் கீழே உங்கள் பெயரும் மட்டும் பேனா மை. எங்கள் தெருவில் ஒரு பழைய ரெஜிமென்ட் குமாஸ்தா இருக்கிறார். அவரிடம் கேட்டேன். "பெரிய அதிகாரிங்க வழக்கமே அதுதான் நோராக்கா. தலையும் வாலும் அவங்க கையால, உடம்பு ஆபீஸ்ல தயாராகும்" என்றார். அதற்காக நான் கோபப்படவில்லை. வேலை அதிகம் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். ஜூன் எட்டாம் தேதி ரெஜிமென்ட் தலைமையகத்தில் நினைவுக்கல் திறக்கிறார்கள் அல்லவா? கல்லில் பெயர்கள் சரியாக இருக்கின்றனவா என்று பார்த்துச் சொல்ல, போன மாதம் போரில் உங்கள் கம்பெனிப் படையில் இறந்த ஐந்து பையன்களின் அம்மாக்களையும் கூப்பிட்டிருந்தார்கள். கண்ணாடிப் பெட்டியில் வைப்பதற்கு, இறந்த செய்தியோடு நீங்கள் எழுதிய முதல் கடிதத்தையும் கொண்டுவரச் சொன்னார்கள். டீயும், பன்றித்தொடைக்கறி வைத்த ரொட்டியும் கொடுத்தார்கள். ரொட்டி முந்தாநாள் சுட்டது, அது கிடக்கட்டும். ஐவி சோல்ஸ்பிதான் தன் கடிதத்தை முதலில் வாசித்தாள். அவளுடைய ரேமண்டும் என் காலினும் ஒரே கூடாரம். அவள் வாசிக்கும்போதே நான் கைப்பையைத் திறந்தேன். சத்தம் போடாமல் என் கடிதத்தை அவள் கடிதத்துக்குப் பக்கத்தில் வைத்தேன். மற்ற மூன்று பேரும் அப்படியே வைத்தார்கள்.

"ஒரு நொடியில் அவர் உயிர் பிரிந்தது. வலி என்பதை அவர் அறியவே இல்லை."

ஐந்து கடிதத்திலும் அதே வரி. ஒரு எழுத்து கூட மாறவில்லை. சண்டர்லாந்துக்காரி ஒருத்திதான் கடைசியில், "அஞ்சு பேருக்குமா?" என்று கேட்டாள்.

ஐயா, நான் முப்பது வருஷம் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்தவள். முந்நூறு பிள்ளைகளுக்கும் ஒரே கரண்டியால்தான் குழம்பு ஊற்றினேன். பிள்ளைகளின் சாவை அப்படி ஊற்றலாமா?

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், மனசில் முள்ளாகக் கிடக்கிறது. தென்கோடிக் கடலில் அந்தத் தீவுப் போருக்குக் காலின் கப்பல் ஏறுவதற்கு முன்னால் தடித்த கம்பளியில் ஒரு ஜோடி காலுறை பின்னி அனுப்பினேன். கடுகு நிறம். கடையில் அந்த நூல்தான் மிச்சம் இருந்தது. அவன் தொலைபேசியில் கூப்பிட்டு, "அம்மா, இதைப் போட்டா பூட்ஸே ஏறாது. பசங்க பாத்தா சிரிப்பாங்க" என்றான். எனக்குச் சுருக்கென்றது. "வேண்டாம்னா கடல்ல வீசு" என்று சொல்லி வைத்துவிட்டேன். நாங்கள் பேசிய கடைசிப் பேச்சு அது. பிறகு அவனுடைய சாமான்கள் பெட்டியில் வந்தன. கூடவே ஒரு பட்டியல். சவரக்கத்தி, படம், பேனா, அரைப் பொட்டலம் மிட்டாய் எல்லாம் இருந்தன. காலுறை இல்லை. சொன்னபடியே கடலில் வீசிவிட்டான். "உன் காலுறையை இந்நேரம் ஏதாவது பென்குவின் மாட்டிக்கிட்டுத் திரியும்" என்று வில்ஃப் கேலி செய்து என்னைச் சிரிக்க வைப்பார். அந்தக் கோபத்தை நான் இன்னும் அவன் மேல் வைத்திருக்கிறேன். செத்துப்போன பிள்ளை மேல் கோபம் வைத்திருக்கிற அம்மா நான்.

எனக்கு வேண்டியது ஒன்றுதான். என் பிள்ளை எப்படிப் போனான்? பொறுத்துக்கொள்வேனா என்று நீங்கள் கவலைப்பட வேண்டாம். ஐந்து வாரம் வில்ஃபின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் நான். எட்டாம் தேதி நீங்கள் எழுந்து நின்று பெயர்களை வாசிப்பதற்கு முன்னால் எனக்குப் பதில் வர வேண்டும். வராவிட்டால் நான் அங்கே வர மாட்டேன்.

இப்படிக்கு,
நோரா ஹெப்பிள்


ஜெனரல் அலுவலகம், வில்ட்ஷயர்.
1 மே 2003

அன்புள்ள திருமதி ஹெப்பிள் அவர்களுக்கு,

தங்கள் 22ஆம் தேதிக் கடிதம் கிடைத்தது. ஜெனரல் அவர்கள் தற்போது வெளிநாட்டுப் பயணத்தில் இருக்கிறார். திரும்பியதும் அது அவருடைய பார்வைக்கு வைக்கப்படும். நினைவுக்கல் விழாவுக்கான அழைப்பிதழும், வண்டி நிறுத்தும் இடத்துக்கான அட்டையும் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளன.

தங்கள் உண்மையுள்ள,
கேப்டன் ஆர். பிரைட்வெல்
ஜெனரலின் உதவி அதிகாரி


ஹார்ட்லி பேங்க்.
3 மே 2003

கேப்டன் தம்பிக்கு,

நல்லபடியாக எழுதியிருக்கிறாய், உன் அம்மா பார்த்தால் சந்தோஷப்படுவாள். என்னிடம் வண்டி கிடையாது, அட்டையைத் திருப்பி அனுப்புகிறேன். என் கடிதத்தை ஜெனரல் கையில் நீயே கொடு. மேஜை மேல் வைத்துவிட்டு நகர்ந்துவிடாதே. அவர் முழுக்கப் படித்து முடிக்கும்வரை பக்கத்தில் நில். பதிலை நீ தட்டச்சு செய்யாதே.

நோரா ஹெப்பிள்


வில்ட்ஷயர்.
11 மே 2003

மதிப்பிற்குரிய திருமதி ஹெப்பிள் அவர்களுக்கு,

இந்தக் கடிதத்தை முழுக்க என் கையால் எழுதுகிறேன். பழக்கம் விட்டுப்போய் எழுத்து கோணுகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். திரு. ஹெப்பிள் மறைந்த செய்தி எனக்குத் தெரியாது. தெரிந்துகொண்டிருக்க வேண்டும். என் ஆழ்ந்த வருத்தம்.

பிரைட்வெல் உங்கள் கடிதத்தைக் கொடுத்துவிட்டு அறையை விட்டுப் போக மறுத்துவிட்டான். "என்ன நிக்கிறே?" என்று கேட்டேன். "நிக்கச் சொல்லி உத்தரவு சார்" என்றான். படித்து முடித்ததும் கதவைச் சாத்திக்கொண்டு போனான்.

நீங்கள் கேட்டதற்கு நேராகவே பதில் சொல்கிறேன். காலின் ஒரு நொடியில் இறக்கவில்லை. ஒரு மணி நாற்பது நிமிடம் உயிரோடு இருந்தான். வலி இருந்தது. நான் எழுதியது பொய்.

நடந்ததைச் சொல்கிறேன். விடியற்காலை, கடும் பனிமூட்டம். குன்றின் மேல் எதிரிகள் பதுங்கியிருந்தார்கள். நாங்கள் கீழிருந்து ஏறினோம். முந்தின நாளே நான் ஓர் உத்தரவு போட்டிருந்தேன்: யார் விழுந்தாலும் யாரும் நிற்கக் கூடாது, பின்னால் தூக்குப்படுக்கையோடு வருகிறவர்கள் பார்த்துக்கொள்வார்கள். அது சரியான உத்தரவுதான். இன்றைக்கும் அப்படித்தான் போடுவேன். பாதி வழியில் குண்டு வெடித்து, அதன் சிதறல் காலினின் இடுப்பில் பாய்ந்தது. நான் அவனைத் தாண்டித்தான் போனேன். அவன் கண்ணைத் திறந்துகொண்டு கிடந்தான். "சார், நான் இங்க இருக்கேன்" என்றான். "இதோ வந்துடறேன் ஹெப்பிள், அசையாம இரு" என்று சொல்லிவிட்டு மேலே ஓடினேன்.

குன்றைப் பிடித்தோம். அதற்காக எனக்குப் பதக்கம் கொடுத்தார்கள். அந்தப் பதக்கத்திலிருந்துதான் என் பதவி உயர்வுகளெல்லாம் தொடங்கின. திரும்பி இறங்கி வந்தபோது அவன் போய்விட்டிருந்தான். அவனுக்குக் கொடுத்த வாக்கை நான் காப்பாற்றவில்லை.

அவன் தனியாக இறக்கவில்லை என்பதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். எங்கள் வாத்தியக்குழுவினர்தான் போரில் காயம்பட்டவர்களைத் தூக்குவார்கள். கிளாரினெட் வாசிக்கிற அலெக் ஃபென்விக் முதல் பத்து நிமிடத்திலேயே அவனிடம் வந்துவிட்டான். வலிக்கு ஊசி போட்டான். பாதி நேரம்வரை வலி அதற்குக் கட்டுப்படவில்லை, பிறகு கட்டுப்பட்டது. பனிமூட்டத்தில் ஹெலிகாப்டர் வர முடியவில்லை. அலெக் கடைசிவரை அவனை மடியில் வைத்துக்கொண்டிருந்தான். காலின் உங்களைக் கூப்பிட்டான். பலமுறை கூப்பிட்டான் என்று அலெக் சொன்னான். இதை எழுதாமல் விட்டுவிடலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். ஒன்றையும் விடக் கூடாது என்று தீர்மானித்து எழுதுகிறேன்.

அன்று பிற்பகல் ஆட்டுப்பட்டி ஒன்றில் உட்கார்ந்து, உணவுப் பெட்டியை மேஜையாக வைத்து ஐந்து கடிதங்களையும் எழுதினேன். நான் இளம் அதிகாரியாகச் சேர்ந்தபோது என் தலைவர் சொல்லிக் கொடுத்த வரி அது. "எல்லா அம்மாவுக்கும் இதையே எழுது. அவங்களுக்கு வேண்டியது இதுதான்" என்றார். அவருக்கு அவருடைய தலைவர் சொல்லியிருப்பார். எங்களுக்கு அது கருணையாகத் தெரிந்தது. ஐந்து பேரும் ஒருநாள் ஒரே மேஜையில் உட்காருவீர்கள் என்று எங்களில் யாருக்கும் தோன்றவில்லை.

நான் எழுதி முடித்த நேரத்தில் அலெக் வந்தான். காலின் தன் அம்மாவுக்கு ஒரு செய்தி சொல்லியிருக்கிறான், அதை எழுதி அனுப்ப வேண்டும் என்று கேட்டான். நான் அனுமதிக்கவில்லை. "நான் எழுதியாச்சு ஃபென்விக். அவன் பேசினான்னு நீ எழுதினா, உடனே போயிட்டான்னு நான் எழுதினது என்ன ஆகும்? அந்த அம்மா நிம்மதியைக் கெடுக்காதே" என்றேன். உத்தரவாகவே சொன்னேன். அவன் சல்யூட் அடித்துவிட்டுப் போனான். என் பொய் நிற்க வேண்டும் என்பதற்காக உங்கள் மகனின் கடைசி வார்த்தையை உங்களுக்குக் கிடைக்காமல் செய்தேன். இத்தனை வருடப் பணியில் நான் செய்த தவறுகள் பல. இதைப் போல் வேறொன்று இல்லை.

உங்கள் கடிதத்தில் கடுகு நிறக் காலுறை என்று படித்ததும் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். அந்தச் செய்தியே அதைப் பற்றியதுதான். பாதம் மரத்துப்போகிறது என்று காலின் சொன்னதும், தேய்த்துவிடுவதற்காக அலெக் பூட்ஸைக் கழற்றியிருக்கிறான். உள்ளே அந்தக் காலுறை. "போட்டிருக்கேன்னு அம்மாகிட்ட சொல்லு" என்றானாம் காலின். எனக்கு அலெக் சொன்னதில் இவ்வளவுதான் நினைவிருக்கிறது. மீதியை நான் கேட்கவில்லை.

அது ஏன் பெட்டியில் வரவில்லை என்றும் சொல்ல வேண்டும். இறந்தவரின் சாமான்களை வீட்டுக்கு அனுப்புவதற்கு முன்னால் ஓர் அதிகாரி உட்கார்ந்து பிரிப்பார். ரத்தம் பட்டது, கிழிந்தது, குடும்பத்தார் பார்த்தால் மனம் நோகக்கூடியது எல்லாவற்றையும் எடுத்து எரித்துவிட வேண்டும். அதுவும் எங்கள் வழக்கம். காலினுடைய சாமான்களைப் பிரித்தது நான்தான். காலுறையைத் தீயில் போட்டதும் நான்தான். அது எதற்கு முக்கியம் என்று அப்போது யோசிக்கவில்லை.

இன்னும் இரண்டு விஷயம். ஜெர்மனியிலிருந்து திரும்பிய பிறகு மூன்று ஆண்டுகள் இராணுவக் கல்லூரியில் பாடம் எடுத்தேன். இரங்கல் கடிதம் எழுதுவது எப்படி என்று கற்றுக் கொடுத்தேன். அந்த வரியைப் பலகையில் எழுதிப்போட்டேன், மாணவர்கள் அதைப் பார்த்து எழுதிக்கொண்டார்கள். அவர்களெல்லாம் இப்போது கர்னல்கள். இப்போதும் போர் நடக்கிறது. எத்தனை வீட்டில் அந்த வரி இருக்கிறதோ எனக்குத் தெரியாது.

இரண்டாவது, திருமதி சோல்ஸ்பியைப் பற்றி. அவருடைய ரேமண்ட் உண்மையிலேயே ஒரு நொடியில் போனான். நான் பக்கத்தில் இருந்தேன், கண்ணால் பார்த்தேன். ஐவருக்கு எழுதியதில் அவருக்கு எழுதியது மட்டுமே மெய். அந்த மேஜையில் உட்கார்ந்த பிறகு அதை அவரும் நம்ப மாட்டார் என்று நினைக்கிறேன்.

அலெக் இப்போது மார்ப்பெத்தில் பேருந்து ஓட்டுகிறார். முகவரியைத் தனித்தாளில் எழுதியிருக்கிறேன். நேற்று அவரிடம் பேசினேன். நான் போட்ட உத்தரவை நானே திரும்பப் பெற்றுக்கொண்டேன்.

எட்டாம் தேதி அந்தக் கல்லின் முன்னால் நிற்க எனக்கு அருகதை இருப்பதாகத் தோன்றவில்லை. செப்டம்பரில் ஓய்வு பெறுகிறேன். உடல்நலம் சரியில்லை என்று சொல்லிவிட்டு, பெயர்களை வேறொருவரை வாசிக்கச் செய்யலாம் என்று நினைக்கிறேன். உங்கள் விருப்பம் எதுவானாலும் அதன்படி செய்கிறேன்.

மன்னிப்புக் கேட்கும் உரிமை எனக்கு இல்லை என்று தெரிந்தும் கேட்கிறேன்.

தங்கள் பணிவுள்ள,
மைல்ஸ் டென்ஹோம்


ஹார்ட்லி பேங்க்,
டர்ஹாம்.
25 மே 2003

மதிப்பிற்குரிய மைல்ஸ் டென்ஹோம் அவர்களுக்கு,

இந்தத் தடவை பட்டமெல்லாம் போடவில்லை. நீங்களும் உங்கள் கடிதத்தில் போடவில்லை, கவனித்தேன்.

உங்கள் கடிதம் வந்த அன்று அதைப் படித்துவிட்டு, அடுப்பில் இருந்த பாத்திரத்தை அப்படியே விட்டுவிட்டுக் கடற்கரைக்குப் போய்விட்டேன். சாயங்காலம் வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன். அந்த நேரத்தில் நீங்கள் என் எதிரே வந்திருந்தால், எத்தனை நட்சத்திரம் தோளில் இருந்தாலும் சரி, கன்னத்தில் ஒன்று விட்டிருப்பேன். என் பிள்ளை என்னைக் கூப்பிட்டிருக்கிறான். அங்கே விடிகிற நேரம் இங்கே முற்பகல், நான் பள்ளிக்கூடத்தில் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்திருப்பேன். வீட்டுக்குத் திரும்பி வந்தால் பாத்திரம் கருகி, தெருவே கூடி நிற்கிறது. "நோரா, என்ன ஆச்சு உனக்கு?" என்று கேட்டார்கள். "ஒண்ணுமில்ல, காலின் செத்துப்போயிட்டான்" என்றேன். எனக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று நினைத்திருப்பார்கள்.

போன சனிக்கிழமை மார்ப்பெத் போனேன். அலெக் பேருந்து நிலையத்து உணவகத்தில் எனக்காகக் காத்திருந்தார். நாற்பத்து நாலு வயது, தலை வழுக்கை. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று சல்யூட் அடித்தாரே பார்க்கலாம், டீ ஊற்றுகிற பெண்ணுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உட்கார்ந்ததும் அழ ஆரம்பித்துவிட்டார். நான் அவருக்கு டீ கலந்து கொடுத்தேன். "எழுதணும்னு எத்தனையோ தடவை உக்காந்தேன்மா. உத்தரவு உத்தரவுதானேன்னு எழுந்துடுவேன்" என்றார். பட்டாளத்தை விட்டுப் பதினாறு வருஷம் ஆகிறது, இன்னும் உங்கள் உத்தரவைக் காப்பாற்றியிருக்கிறார். உங்களுக்குக் கிடைத்த ஆட்கள் அப்படிப்பட்டவர்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள்.

எல்லாவற்றையும் கேட்டேன். ஒன்றையும் விட வேண்டாம் என்றேன், அவரும் விடவில்லை. வலித்ததைச் சொன்னார். காலின் கெட்ட வார்த்தையில் திட்டியதையும் சொன்னார். எந்த வார்த்தை என்று கேட்டு வாங்கிக்கொண்டேன். அப்பனிடம் கற்றதுதான். அப்புறம் நீங்கள் கேட்காமல் விட்ட மீதியையும் சொன்னார். ஊசி வேலை செய்து அவன் கொஞ்சம் அமைதியான பிறகு, அலெக்கின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னானாம்: "அம்மாகிட்ட சொல்லு. போட்டிருக்கேன்னு சொல்லு. பூட்ஸும் ஏறிச்சுன்னு சொல்லு. நான்தான் தப்பா சொல்லிட்டேன்."

ஐயா, இருபத்தொரு வருஷம் நான் அவனைக் கோபித்துக்கொண்டேன். அவனோ அந்த வாரம் முழுக்க, சேற்றிலும் ஈரத்திலும், அதைக் கழற்றவே இல்லையாம். மற்ற பையன்கள் கால் அழுகிக் கிடந்தபோது இவன் பாதம் மட்டும் நன்றாக இருந்ததாம். உணவகத்தில் அவ்வளவு பேர் இருக்க, நான் வாய்விட்டுச் சிரித்தேன். அழுகை அதற்குப் பின்னால் வந்தது.

வில்ஃபிடம்தான் இதைச் சொல்ல முடியவில்லை. உங்கள் பொய்யைப் போர்த்திக்கொண்டு அவர் நிம்மதியாகத்தான் போனார், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் பென்குவின் என்று சொல்லிச் சொல்லிச் சிரித்த மனிதர், மகன் போட்டிருந்தான் என்று தெரிந்திருந்தால் என்ன ஆட்டம் போட்டிருப்பார்! அதைப் பார்க்க எனக்குக் கொடுத்து வைக்கவில்லை. இதற்கு நீங்கள் ஒன்றும் செய்ய முடியாது. செய்ய முடியாது என்பதைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

மன்னித்துவிட்டேன் என்று எழுத மாட்டேன். பொய் எழுதினால் உங்கள் கூட்டத்தில் நானும் சேர்ந்துவிடுவேன். இப்போதைக்குக் கோபம் பாதி இறங்கியிருக்கிறது. மீதி எப்போது இறங்கும் என்று எனக்கே தெரியாது.

எட்டாம் தேதி உடம்பு சரியில்லை என்று சொல்லலாமா என்று கேட்டிருந்தீர்கள். அடடா, மறுபடியும் ஒரு பொய்யா? கை அதற்குத்தான் போகிறது, பாருங்கள். ஒன்றும் வேண்டாம். நீங்கள்தான் வர வேண்டும், நீங்கள்தான் வாசிக்க வேண்டும். அதற்கு முன்னால் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். ஐவியிடம் நான் சொன்னால் எடுபடவில்லை. "உன்னை மாதிரிதான் எனக்கும் எழுதினாரு, எனக்கு மட்டும் நிஜமா?" என்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். அவள் வீட்டுக்கு நீங்களே நேரில் போய், பக்கத்தில் இருந்து பார்த்தவர் என்கிற முறையில் சொல்லுங்கள். முதலில் கதவைச் சாத்துவாள். வாசலிலேயே நில்லுங்கள், திறந்துவிடுவாள். மற்ற மூன்று பேருக்கும் உங்கள் கையால் ஒரு வரி எழுதுங்கள்: நடந்தது நடந்தபடி தெரிய வேண்டுமா, வேண்டாமா என்று. வேண்டாம் என்கிறவர்களை விட்டுவிடுங்கள். அவர்களுடைய போர்வையை நாம் பிடுங்க வேண்டியதில்லை.

உங்களிடம் பாடம் படித்த அந்தக் கர்னல்களுக்கும் எழுதுங்கள். இப்போது நடக்கிற போரில் பிள்ளைகளைப் பறிகொடுக்கிற அம்மாக்கள், இருபது வருஷம் கழித்து எந்த மேஜையில் உட்காருவார்களோ! ஓய்வு பெற்றால் நேரம் நிறையக் கிடைக்கும், வில்ஃபுக்குக் கிடைத்த மாதிரி. அவர் புறா வளர்த்தார், நீங்கள் கடிதம் எழுதுங்கள்.

அலெக்கையும் கூட்டிக்கொண்டு வருகிறேன். அவரை முன்வரிசையில் என் பக்கத்தில் உட்கார வைக்க வேண்டும். பெரிய மனிதர்கள் யாருக்காவது நாற்காலி குறைந்தால் நிற்கட்டும். கேப்டன் தம்பி நல்ல பையனாகத் தெரிகிறான், அவனிடம் சொன்னால் ஏற்பாடு செய்வான்.

இத்துடன் ஒரு சின்னப் பொட்டலம் அனுப்பியிருக்கிறேன். ஒன்பது நாளில் பின்னி முடித்தேன். இப்போது கைவிரல் முன்னைப்போல் ஓடுவதில்லை, குதிகாலில் ஒரு முடிச்சு தப்பியிருக்கிறது. நிறம் அதே கடுகு நிறம்தான், மூன்று கடை ஏறி இறங்கித் தேடி வாங்கினேன். எட்டாம் தேதி உங்கள் விழா உடுப்புக்குள்ளே அதைப் போட்டுக்கொண்டு வாருங்கள். வேறு யாருக்கும் தெரிய வேண்டாம், எனக்குத் தெரிந்தால் போதும். கல்லுக்கு முன்னால் நின்று, அவசரப்படாமல், ஐந்து பெயரையும் வாசியுங்கள். "இதோ வந்துடறேன்" என்று என் மகனிடம் சொல்லிவிட்டுப் போனீர்கள் அல்லவா? அன்றைக்கு வாருங்கள்.

உங்கள் பாதம் எப்போதும் சூடாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
காலினின் அம்மா,
நோரா

பி.கு.: பூட்ஸ் ஏறாது என்று திருப்பி அனுப்பிவிடாதீர்கள். ஏறும்.